நாலாவது ஜோடி

சித்த அக்கட்டால நகருங்க, இந்தப் பெட்டிய வெச்சுக்கறேன். கால இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லுங்க, மடியில தூக்கி வெச்சுக்கறேன். நான் எங்க எறங்கணும்ங்கறீங்களா? சித்ரா ஸ்டாப்புல. ஆமாங்க, ஏர்போர்ட்டுதான். ஆனா நான் எங்கயும் போகலீங்க, அதை நல்லாக் கேட்டுக்குங்க. என்ற சம்சாரம் போறா. பிரஷர் மாத்திரைய டேபிள் மேலயே வெச்சுட்டுப் போயிட்டா. குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

பெட்டி எதுக்குங்கறீங்களா? மாத்திரை நசுங்கிருமுங்க. வெறும் கவர்ல எடுத்துட்டுப் போனா டவுன் பஸ்ஸுல என்ன கதியாகும்னு உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட்டு கூடச் சட்டைப் பாக்கெட்டுல இருக்குது. ஏர்போர்ட்டு வாசல்ல அடையாளம் கேட்டாங்கன்னா? எதுக்கும் இருக்கட்டும்னுதான்.

மணி என்னாச்சுங்க? பன்னண்டே காலா. ஒரு மணி வரைக்கும் எனக்காக வாசல்லயே நிப்பாங்களாம். மெசேஜ் போட்டிருக்குது அந்தம்மா. 'அண்ணனுக்கு டிக்கெட் இருக்குது, ஒரு மணி வரைக்கும் யாரும் உள்ள போகறதில்லை'ன்னு. நிக்கட்டும். பன்னண்டு பேரும் வெயில்ல காயட்டும். எனக்கென்ன?

நான் சென்னியப்பனுங்க. காலேஜ்ல பிசிக்கல் டைரக்டரா முப்பத்திரண்டு வருஷம். டெல்லி, கல்கத்தா, கவுகாத்தின்னு கபடி டீமு, வாலிபால் டீமு எத்தனை கூட்டிட்டுப் போயிருக்கேன் தெரியுங்களா? எள்ளுப் போட்டா விழாத ஸ்டேசன்ல எல்லாம் இறங்கி ஏறியிருக்கோம். ஒரு பையனத் தொலைச்சதில்லை. ஒரே ஒரு பையன! அப்பேர்ப்பட்ட ஆளைத்தானுங்க இன்னிக்கு எண்ணத் தெரியாதவன்னு பேசறாங்க. எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

ரிட்டயரானதுக்கப்பறம் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில நடக்கப் போனேன். அங்க ஒரு கூட்டம், மூணு பேரு நாலு பேருன்னு பாதைய அடைச்சுக்கிட்டு, வாய் பேசிக்கிட்டு, ஆடு மேயற மாதிரி நடந்துட்டிருந்தாங்க. நான்தானுங்க ஒழுங்குக்குக் கொண்டாந்தேன். புருசன் பொண்டாட்டி ஜோடி ஜோடியாத்தான் நடக்கணும். மொத்தம் ஏழு ஜோடி. நானும் பரிமளமும் ஒன்னாவது ஜோடி. மோட்டார் கம்பெனி லோகநாதன் ரெண்டாவது. நாலாவது ஜோடி நாச்சிமுத்து, அவன் சம்சாரம் வசந்தாமணி. அந்த வசந்தாமணியத்தான் இப்ப 'அந்தம்மா'ன்னேன். மத்தவங்க பேரெல்லாம் உங்களுக்கு வேண்டாம், எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்ச ஆளுங்க.

மூணு ரவுண்டு முடிஞ்சதும் பேக்கரியில டீ. டீக்கு முன்னால நான் விசில் ஊதுவேன். ஆம்பளைங்க வரிசையா நம்பர் சொல்லணும். ஒன்னு! ரெண்டு! மூணு! சம்சாரத்துக்கும் சேர்த்துத்தான் அவன் சொல்றது. ஏழு நம்பர் வந்தா பதினாலு பேரும் வந்தாச்சுன்னு அர்த்தம். சுருக்கமா முடிஞ்சுரும். பொம்பளைங்க எதுக்குங்க நடுரோட்டுல நின்னு நம்பரக் கத்திக்கிட்டு? அவங்க கௌரவத்துக்குத்தான் அப்படி வெச்சேன். ஒருத்தராச்சும் அதை ஒத்துக்கறாங்களா? கிடையாது.

போன வருஷம் லோகநாதன் ஒரு யோசனையக் கொண்டாந்தான். கிரீஸ் நாட்டுல பாய்மரம் கட்டின பெரிய படகு, யாட்டுங்கறாங்க, ஏழு ரூமு. நம்ம கூட்டத்துக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கலாம். பகல்ல ஒரு தீவுல இறங்கிச் சுத்திப் பாக்கறது, சாயங்காலம் மேல் தட்டுல உக்காந்து பாட்டு, வெளையாட்டு. அவனோட மக லண்டன்ல இருக்கறா, அவளே பேசி முடிச்சுட்டா. புரட்டாசியில போறதுன்னு ஏற்பாடு. நான்தான் தலைவரு. அதுல யாருக்கும் ரெண்டாவது பேச்சே இல்லை அப்போ.

சித்திரையில நாச்சிமுத்து போயிட்டானுங்க. நெஞ்சுவலி. என் பக்கத்துல நடந்துட்டிருந்தவன் அப்படியே கல்லு மேல உக்காந்தான், அவ்வளவுதான். நல்ல மனுசன். என்ற விசில் சத்தத்துக்கு மொதல்ல ஓடியாறவன் அவன்தான். அவன் போனதுல எனக்கு இல்லாத வருத்தமா அந்தம்மாவுக்கு? நான் பத்து நாள் நடக்கவே போகலீங்க.

சரி, இனி அந்தம்மா வராதுன்னு நெனச்சோம். நம்ம பக்கம் வருஷம் திரும்பாம ஒரு கல்யாணம் காச்சின்னாக்கூட முன்னால வந்து நிக்க மாட்டாங்க. அஞ்சு மாசம்தான் ஆயிருக்குது, இது பெட்டியோட வந்து நிக்குது! 'அவருக்கு ரொம்ப ஆசைங்கண்ணா, கடல் மேல தூங்கணும்னு. நானாச்சும் தூங்கிப் பாத்துட்டு வந்தர்றேன்'ங்குது. பரிமளம் குறுக்க பூந்து, 'வரட்டுமேங்க, ஒட்டுக்காப் போனா மனசுக்கு நல்லாருக்கும்'ங்கறா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

லட்சுமி மில் வந்துருச்சா. இந்த சிக்னல்ல நின்னா இன்னைக்குப் பூரா நிப்பான் பாருங்க.

படகுல ஏறின அன்னைக்கே நான் விசில் ஊதினேன். ஒன்னு. ரெண்டு. மூணு. அப்பறம் சத்தமே இல்லை. நாலு யாரு சொல்றது? எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. லோகநாதன் சம்சாரம் மூக்க உறிஞ்சறா. அந்தம்மா மட்டும் நிமிர்ந்து நின்னு என்னையே பாக்குது. என்னமோ வாயத் தொறந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க. தினம் ரெண்டு வேளை, மூணு வேளை எண்ணறோம். ஒவ்வொரு தடவையும் நாலுன்னு வந்து நின்னா அந்தம்மாவுக்குப் புருசன் ஞாவகம் வருமா வராதா? அதனால அடுத்த எண்ணிக்கையிலயே நாலை எடுத்துட்டேன். மூணு முடிஞ்சா நேரா அஞ்சு. ஆறு நம்பர் வந்தா எல்லாரும் வந்தாச்சு. அந்தம்மா மனசு நோகக் கூடாதுன்னு நான் செஞ்சதுங்க அது. இன்னைக்கு அதையே திருப்பி என் தலையில போடறாங்க.

ரூமு மட்டும் கொறையா வெச்சேனா? தனி ரூமு. மத்தவங்க எல்லாம் ரெண்டு ரெண்டு பேரு ஒரு ரூமுல முட்டிக்கிட்டுக் கெடந்தோம். அந்தம்மா ரூமுல ஒரு கட்டில் சும்மாத்தானே கெடந்துச்சு, அதனால அரிசி மூட்டை, பருப்பு, ஊறுகாய் டப்பா, மாவு அரைக்கற மெசின், எல்லாரோட காலிப் பெட்டியும் அங்க போடச் சொன்னேன். 'அவரு கட்டில்ல வெச்சிருக்குதுங்கண்ணா, அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மனசுல வெச்சுக்கிட்டே இருந்திருக்குது பாருங்க.

கரைக்குப் போறதுன்னா பெரிய படகு நேரா ஒட்டாதுங்க. கொஞ்ச தூரத்துல நங்கூரம் போட்டுட்டு, ரப்பர் படகுல கொண்டு போயி விடுவாங்க. அதுல ஆறு பேருதான் உக்காரலாம். மொதல்ல மூணு ஜோடி, ஆறு பேரு. அடுத்தது மூணு ஜோடி, ஆறு பேரு. கணக்கு எவ்வளவு அழகா வருது பாருங்க! அந்தம்மா ஒருத்தி மிச்சம். அதுக்கு மட்டும் மூணாவது நடை. தனியா, ராணி மாதிரி, படகோட்டிகூட. திரும்பி வர்றப்பவும் அதே வரிசைதான்.

என்னங்க சிரிக்கறீங்க? நீங்களும் அந்தம்மா கட்சியா?

மொத தீவுல வெள்ளையடிச்ச சர்ச்சு ஒன்னு. அந்த வாசல்ல நின்னு நான் விசில் ஊதினேன்னு கேப்டன் மூஞ்சியச் சுளிச்சுட்டான். யானிஸ்னு பேரு. ஆறடிக்கு மேல இருப்பான். நம்ம ஆளுங்களே, 'டைரக்டரே, விசிலச் சித்த கொறைங்க'ங்கறாங்க. ஒழுங்குன்னா யாருக்குங்க பிடிக்குது? ரெண்டாவது தீவுல கழுதை சவாரி. ஜோடிக்கு ரெண்டு கழுதைன்னு பன்னண்டு கழுதை பேசி வெச்சேன். அந்தம்மாவக் கேக்கலை, கழுதை மேல ஏறற மனநிலையில இருக்குமாங்க ஒரு பொம்பளை? நடந்தே வந்துச்சு. எங்களுக்கு முன்னாடியே மேல போயி, அங்க வெண்ணை கடையற வீட்டுல பூந்து, நம்ம பேச்சுலயே பேசி, அவங்க என்னமோ அவங்க பேச்சுல பேசி, கையில ஒரு தட்டு நெறைய பாலாடைக்கட்டியோட உக்காந்திருக்குது! பரிமளம் கழுதைய விட்டு எறங்கி ஓடிப் போயி அதுகூட உக்காந்துக்கிட்டா. நான் ரெண்டு கழுதையப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறேன்.

அன்னைக்கு சாயங்காலம் வெளையாட்டு. புருசனைக் கேள்வி கேக்கறது, பொண்டாட்டி அதே பதிலை எழுதியிருந்தா மார்க்கு. அந்தம்மாவுக்கு வெளையாட ஆள் இல்லையேன்னு மார்க் போடற பொறுப்பையே தூக்கிக் குடுத்தேன். எங்களுக்கு எவ்வளவு தெரியுங்களா? சைபர். முப்பத்தெட்டு வருஷமா ஒட்டுக்காக் குடும்பம் நடத்தறோம், சைபர்! பரிமளத்துக்குப் பிடிச்ச நேரம் எதுன்னு கேள்வி. நான் விடியக்காலம் நாலரை, நான் எழுப்பி விடற நேரம்னு சொன்னேன். அவ எழுதியிருக்கறா, 'மத்தியானம், அவர் தூங்கற நேரம்'னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அவளும் சிரிக்கறா. அந்தம்மாதான் எழுதச் சொல்லிக் குடுத்திருக்கும். பரிமளத்துக்கு அப்படியெல்லாம் எழுதத் தெரியாதுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மூணாவது நாள்.

சின்ன மீன்பிடி ஊரு. இருவது வீடு இருந்தா அதிகம். ஒரு கல்லுப் பாலம் கடலுக்குள்ள நீண்டிருக்குது, அதுல ஏறி எறங்கணும். மத்தியானம் சாப்பாடு அங்கயே. சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள காத்து கெளம்பிருச்சு. கேப்டன் அவசரப்படுத்தறான், 'பாஸ்ட், பாஸ்ட்'டுங்கறான். மொத நடையில நாங்க மூணு ஜோடி வந்துட்டோம். அடுத்த நடையில மூணு ஜோடி வந்தாங்க. அலை தூக்கித் தூக்கிப் போடுது. நான் விசில் ஊதினேன். ஒன்னு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு. சரியா இருக்குது. கேப்டன் 'பினிஷ்?'ங்கறான். நான் கட்டை விரலத் தூக்கிக் காட்டினேன், 'பினிஷ்'. ரப்பர் படக மேல இழுத்துக் கட்டிட்டாங்க. கெளம்பியாச்சு.

பாலத்து முனையில யாரோ ஒரு பொம்பளை நின்னு கை ஆட்டுச்சுங்க. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுச்சு. பேண்டு போட்டுக்கிட்டு, தலையில பெரிய ஓலைத் தொப்பி. உள்ளூர்க்காரின்னு நெனச்சேன். நல்ல சனங்க, வழியனுப்பறாங்கன்னு நெனச்சேன்.

நானும் கை ஆட்டினேன்.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? சேலை கட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க! சேலையிலதானே அந்தம்மாவ இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன். அன்னைக்குக் காத்தால அந்த ஊர்க் கடையில தொப்பி வாங்கியிருக்குது, பேண்டு பரிமளம் குடுத்தது. எனக்கு யாராச்சும் சொன்னாங்களா? அதையும் லோகநாதன் சம்சாரம் வீடியோ எடுத்து வெச்சிருக்கறா. கடலை எடுக்கறேன்னு எடுத்திருக்கறா. அதுல நான் சிரிச்சுக்கிட்டே கை ஆட்டறது தெளிவா இருக்குது. குரூப்புல எத்தனை தடவை போட்டுப் பாத்திருப்பாங்கன்னு நெனக்கறீங்க?

நவ இந்தியா ஸ்டாப்பா. சரி சரி.

ரெண்டு மணி நேரம் யாருக்கும் தெரியலீங்க. எனக்கு மட்டும் தெரியலைன்னா என்னைக் குத்தம் சொல்லுங்க. பன்னண்டு பேருக்கும் தெரியலை! அந்தம்மா எப்பவும் கடைசியா வர்றது, வந்ததும் ரூமுக்குப் போயிர்றது. பரிமளம் டீ போட்டு டம்ளர்ல ஊத்தி வெச்சா. எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. 'என்னுங்க, பதிமூணு ஊத்தினேன், ஒன்னு அப்படியே இருக்குது'ன்னா. 'யாருக்கோ வேண்டாம் போல, இங்க குடு'ன்னு வாங்கி நான் குடிச்சுட்டேன். இஞ்சி போட்ட டீ. நல்லாத்தான் இருந்துச்சு. அவ என்னையே ஒரு மாதிரியாப் பாத்தா. அப்பறம் கீழ எறங்கி ஓடினா. அந்த ரூமத் தொறந்து பாத்தா அரிசி மூட்டைதான் இருக்குது.

பரிமளம் போட்ட சத்தம் இருக்குதே, என்ற காதுல இன்னும் கேக்குது.

படகத் திருப்பினாங்க. காத்து எதுத்தாப்புல அடிக்குது, திரும்பிப் போக ரெண்டரை மணி நேரம். பொய் சொல்லக் கூடாது. கடல்ல விழுந்திருச்சோ, புருசன் போன துக்கத்துல தானா எறங்கிருச்சோ, என்னென்னமோ தோணுது. நாச்சிமுத்து வந்து என் முன்னாடி நிக்கற மாதிரி இருந்துச்சு. 'டைரக்டரே, என்ற சம்சாரம் எங்க?'ன்னு கேக்கற மாதிரி. முப்பத்திரண்டு வருஷத்துல நான் அப்படிப் பயந்ததில்லை.

போயிப் பாத்தா என்ன பண்ணிட்டிருக்குதுங்கறீங்க? நாங்க சாப்பிட்ட ஓட்டல் வாசல்ல நாலு மீனவப் பொம்பளைங்களோட உக்காந்து அவரைக்காய் உரிச்சுக்கிட்டிருக்குது! பக்கத்துல ஒரு கிண்ணம் திராட்சைப் பழம். யாரோ கறுப்புச் சால்வை ஒன்னு போத்தி விட்டிருக்காங்க. எங்களப் பாத்ததும் எந்திரிச்சு, கையத் தட்டிக்கிட்டு, 'டீ ஆச்சுங்களாண்ணா?'ங்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றோம், இது திராட்சை தின்னுக்கிட்டிருக்குது. அழுதிருந்தா நான் ஒன்னும் சொல்லியிருக்க மாட்டேனுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தா, 'விடம்மிணி, நான் இருக்கறேன்'னு சொல்லியிருப்பேன். அழுகலையே! அதனால சத்தம் போட்டேன். 'பொறுப்பு வேண்டாம்? கத்தியிருக்க வேண்டாம்? வருஷம் திரும்பறதுக்குள்ள தொப்பி கேக்குதா?'ன்னு கேட்டுட்டேன். எல்லார் முன்னாடியும்தான். அதோட நிறுத்தியிருக்கலாம். 'நாச்சிமுத்து இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?'ன்னும் கேட்டேன்.

அந்தம்மா கோவிச்சுக்கலீங்க. சால்வைய மடிச்சு அந்தப் பொம்பளைங்ககிட்டக் குடுத்துட்டு, நிதானமா என்னைப் பாத்து, 'ஆகியிருக்காதுங்கண்ணா. அவரு இருந்திருந்தா நீங்க எண்ணியிருப்பீங்க'ன்னுச்சு.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. பன்னண்டு பேரும் என்னைப் பாக்கறாங்க. பரிமளம் கிட்ட வந்தா. எதாச்சும் எனக்காகப் பேசுவான்னு நெனச்சேன். என்ற கழுத்துல தொங்கிட்டிருந்த விசிலக் கழட்டி எடுத்துக்கிட்டா. 'போதுங்க'ன்னா. முப்பத்தெட்டு வருஷத்துல அவ என்னை 'போதும்'னு சொன்னது சோத்துக்கு மட்டும்தான்.

அப்பறம் நாலு நாள் நான் கரையில காலே வெக்கலை. தீவு தீவா எறங்கி ஏறினாங்க, ஆட்டம் பாட்டம்தான். நான் மேல் தட்டுல ஒத்தையில உக்காந்திருந்தேன். யாராச்சும் வந்து 'வாங்க டைரக்டரே'ன்னு கையப் பிடிச்சுக் கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். பரிமளம் ஒரு தடவை கூப்பிட்டா. ஒரு தடவை கூப்பிட்டா ஒரு ஆம்பளை எந்திரிச்சுப் போயிர முடியுங்களா?

ஊருக்கு வந்ததும் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. குரூப்புக்கு 'ஏழு ஜோடி'ன்னு நான் வெச்ச பேரை எடுத்துட்டு 'பதிமூணு பேரு'ன்னு போட்டுட்டாங்க. தலைவர் வேற யாரு, அந்தம்மாதான். ஒவ்வொருத்தருக்கும் தனி நம்பர், அவங்கவங்க நம்பர அவங்கவங்களே சொல்லணும். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாங்களாம். அந்தம்மா மட்டும் குலுக்காம நாலை எடுத்துக்கிச்சாம். நான் அன்னைக்குப் போகலை. எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தது பதிமூணு. அது எனக்காம். ஒன்னாவது ஜோடியா இருந்தவன் பதிமூணா? ரேஸ்கோர்ஸ்ல நான் இப்பத் தனியாத்தானுங்க நடக்கறேன், எதுத்த திசையில. தினம் மூணு தடவை எதுத்தாப்புல வருவாங்க. வணக்கம்னு சொல்லுவாங்க. நான் மரத்தப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்.

இந்த வருஷமும் அதே கேப்டன், அதே படகு, வேற தீவுக. பரிமளம் ஒரு மாசமாத் துணி எடுத்து வெக்கறா. என் பெட்டியையும் அவதான் கட்டி வெச்சா. 'வாங்க, போலாம்'னா. 'அந்தம்மா வந்து என்னைக் கூப்பிடட்டும்'னேன். அந்தம்மா வீட்டுக்கே வந்து கூப்பிட்டுச்சு. 'போன்ல சொன்னா ஆகாதா, வீட்டுக்கு வந்துதான் என்னைச் சிறுமைப்படுத்தணுமா'ன்னு கேட்டேன். வராம இருந்தாலும் தப்பு, வந்தாலும் தப்புன்னா என்னதாங்க பண்றதுன்னு பரிமளம் கேக்கறா. கேள்வியப் பாருங்க!

காத்தால ஒம்போது மணிக்கு வேன் வந்துச்சு. நான் மாடியில படுத்திருந்தேன். கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுக் கீழ வந்து பாத்தா டேபிள் மேல மாத்திரை. எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடினேன். வேன் தெருமுக்குல திரும்புது. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேனுங்க. நிறுத்தச் சொல்லித்தான் ஆட்டினேன். பின்னாடி கண்ணாடி வழியா பரிமளம் பாத்தா. நல்லாப் பாத்தா. சிரிச்சுக்கிட்டே அவளும் கை ஆட்டினா.

வேன் போயிருச்சு.

தண்ணி வெச்சிருக்கறீங்களா? ஒரு மொடக்கு குடுங்க. வெயில் எச்சா இருக்குது இன்னைக்கு.

ஆமா, மாத்திரை ஏர்போர்ட்டுலயே ஒரு கடையில கெடைக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா அவளுக்கு மாத்திரை பேரு தெரியாதுங்க. தினம் எடுத்துக் குடுக்கறது நான். அது ஒன்னாச்சும் அந்த வெளையாட்டுல கேட்டிருக்கலாமில்ல? சரியாச் சொல்லியிருப்பேன்.

இது ஹோப் காலேஜுங்களா? அடுத்தது சித்ராதானே? மணி பன்னண்டே முக்காலா? இருக்கட்டும். ஓடிப் போயிப் பிடிக்கற வேலையெல்லாம் என்கிட்ட இல்லை. அதனாலதானே ஆட்டோ வேண்டாம்னு பஸ்ஸுல வர்றேன்.

இந்தா, போன் அடிக்குது. யாருன்னு பாருங்க, கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்குது. பரிமளமா? அந்தப் பச்சைய அமுத்துங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, இந்தச் சத்தத்துல எனக்குக் காதுல விழாது.

கேக்குதுங்களா? நம்பர் சொல்றாங்க. வாசல்லயே நின்னு சொல்றாங்க. எல்லாரும் பாக்க மாட்டாங்க? ஒம்போது, அது லோகநாதன். பத்து, அவன் சம்சாரம். பதினொன்னு! அது பரிமளம்ங்க. எவ்வளவு சத்தமாச் சொல்றா பாருங்க. வீட்டுல இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

பன்னண்டு.

'பதிமூணு'ங்கறது வசந்தாமணி. கேக்குது பாருங்க, என்னைத்தான். எப்படிப் பதிமூணுலயே நிக்குது பாருங்க. 'சரி, வந்தாச்சு, உள்ள போலாம்'னு முடிக்க வேண்டியதுதானே? அதுக்கு மேல நம்பரே இல்லையே! முடிக்க மாட்டேங்குது. மறுபடியும் 'பதிமூணு'ங்குது.

ஏனுங்க, நீங்க சொல்லுங்களேன். 'வந்துட்டிருக்கறாரு'ன்னு ஒரு வார்த்தை. அதுல உங்களுக்கு என்ன கொறைஞ்சு போயிரும்? சொல்லுங்க, நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.

கேட்டீங்களா? சொல்லிட்டீங்க, நல்லது, கேட்டீங்களா அது சொன்னதை? 'நீங்க யாருன்னு தெரியலைங்க, அண்ணனே சொல்லட்டும். நாங்க நிக்கறோம்'ங்குது. எத்தனை திமிரு! நான் சொல்லவே மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும். பிளேன் போனாப் போகட்டும்.

என்னது, சித்ராவா? இதுவா? இருங்க, இருங்க, எந்திரிக்கறேன். சித்த வழி விடுங்க. போனப் பிடிங்க, கட் பண்ணிராதீங்க. அட, விசில் ஊதிட்டானே! ஏனுங்க கண்டக்டரே! நிறுத்துங்க! எறங்கற ஆளு எத்தனைன்னு பாக்காம என்னங்க விசிலு? எண்ணிப் பாத்துட்டு ஊத மாட்டீங்களா? இங்க ஒருத்தன் இருக்கறேனுங்க! நான் இருக்கறேன்!

என்னங்க? போன்ல என்ன சொல்லுது? 'பதிமூணு வந்தாச்சு'ங்குதா?

ஏனம்மிணி, நான் உன்கிட்டச் சொல்லலை! கண்டக்டர்கிட்டச் சொன்னேன், கண்டக்டர்கிட்ட!

அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க.